ரீஸ்டார்ட் பண்ண மாட்டேன்

இன்று மதியம் ஆபீஸ் சர்வர் திணறியது. பின்னணியில் ஏதோ ஒரு புரோகிராம் மெமரி முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

நான் மந்தைவெளி வீட்டிலிருந்து வீடியோ காலில் இருந்தேன், மடியில் மகன்.

"ரீஸ்டார்ட் பண்ணிடும்மா. குழந்தை அழறான் பாரு, நீ அவனைக் கவனி" என்றார் டீம் லீட்.

பிரசவ லீவு முடிந்ததிலிருந்து இதே பாட்டு. வேலையைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் வேறு. ஆனாலும் சொன்னேன்: "மாட்டேன் சார். காரணம் தெரியலைன்னா நாளைக்கும் இதே கதைதான். கொஞ்சம் டைம் குடுங்க."

ஒரு கையால் தேடினேன். சிக்கியது: சர்வரின் பழைய பதிவுகளை, அதாவது லாக் ஃபைல்களை, அழிக்கும் புரோகிராம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது கிளம்பி, கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடவிட்டவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது. லீட் பெயர்.

"ஓ... அது டெஸ்டுக்குப் போட்டது."

"நிறுத்திடட்டுமா சார்?"

"ம்ம்."

நாளைய மீட்டிங்குக்கும் மடியில் பிள்ளையோடுதான் வருவேன். யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?