அரை லிட்டருக்குள் ஒரு மூட்டை யூரியா

உரக்கடையில் நிற்பவனிடம் உரம் கேட்பவர்களைவிட உத்தரவாதம் கேட்பவர்கள்தான் ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூரில் ஓர் உரக்கடையில் சில வருஷமாக நிற்கிறேன். வேதியியல் படித்தவன் என்பதால், புதுச்சரக்கு எது வந்தாலும் விளக்கம் சொல்வது என் பொறுப்பு என்று முதலாளி ஒதுக்கிவிட்டார். யூரியா, டிஏபி, பொட்டாஷ் என்று இருந்தவரை நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு நானோ உரம் வந்தது.

தனக்கே பாதி புரிந்த சமாச்சாரத்தை அடுத்தவருக்கு முழுசாக விளக்கிப் பிழைக்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இன்ஷூரன்ஸ் பாலிசி விற்கிறவர்கள், செல்போன் கடையில் நிற்கிறவர்கள், பிள்ளைகளுக்குப் புதுக் கணக்கு சொல்லித் தருகிறவர்கள். உங்களுக்கு என் நிலைமை புரியும்.

கயிறோடு வந்தவர்

வேடியப்பன் எங்கள் பழைய வாடிக்கையாளர். நெல்லுக்கு மேலுரம் போட யூரியா மூட்டை வாங்க வந்தார். வண்டியின் பின்னால் கட்ட ரப்பர் கயிறு, மழை வந்தால் மூட தார்ப்பாய் எல்லாம் தயாராகக் கொண்டுவந்திருந்தார். நான் அவர் கையில் அரை லிட்டர் பாட்டில் ஒன்றைக் கொடுத்தேன். "ஒரு மூட்டை செய்யற வேலைய இது செய்யும்னு கம்பெனியில சொல்றாங்க" என்றேன்.

அவர் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். குலுக்கினார். மூடியைத் திறந்து மோந்தார். நான் சளைக்காமல் பாடம் எடுத்தேன். ஒரு தலைமுடியைப் பல்லாயிரம் இழையாகப் பிளந்தால் எவ்வளவு மெல்லிசாக இருக்குமோ, அந்த அளவுக்குத் துகள். இலையில் இருக்கிற துளை வழியாக நேராக உள்ளே போகும். மண்ணில் வீணாவது கம்மி. எல்லாம் பயிற்சி வகுப்பில் எனக்குச் சொன்னதுதான். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு வேடியப்பன் கேட்டார்: "கண்ணுக்கே தெரியாதுன்னு சொல்றீங்க. அப்ப உள்ள இருக்குதா இல்லையான்னு நான் யார கேக்கறது?"

பட்டினி கிடந்த பாதி

அப்படிக் கேட்டாலும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு நிபந்தனை: வயலில் பாதிக்கு வழக்கம்போல மூட்டை யூரியா, மறுபாதிக்கு பாட்டில். எது ஜெயிக்கிறதென்று பார்க்கலாம் என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. யாரோ எங்கேயோ செய்த சோதனையைப் படித்துப் படித்து அலுத்துப்போயிருந்தேன்.

ரெண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், எனக்கே நம்ப முடியவில்லை. ரெண்டு பக்கமும் ஒரே பச்சை. கம்பெனி பிரதிநிதி ஓடிவந்து வரப்பில் நின்று போட்டோ எடுத்து, அங்கேயே வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அப்போது மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த வேடியப்பனின் மனைவி மல்லிகா நிமிர்ந்து, பாட்டில் அடித்த பக்கத்துக்கும் தான் ஒரு அன்னக்கூடை யூரியா வீசியதைச் சர்வசாதாரணமாகச் சொன்னார். வேடியப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, சோதனை நடக்குதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

அந்தப் பச்சை பாட்டிலால் வந்ததா, மல்லிகாவால் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாட்டில் மட்டும் அடித்திருந்தால் வெளுத்திருக்குமா, இல்லை, யூரியா வீசாமலே பச்சையாக இருந்திருக்குமா? மல்லிகாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. "ரெண்டு பக்கமும் நம்ம பயிர்தான? ஒன்னுக்கு சோறு போட்டுட்டு ஒன்ன பட்டினி போட எனக்கு மனசு வரலீங்க."

கஸ்தூரியக்காவின் ஈரத்துணி

நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், மேட்டு நிலத்தைக் கொல்லை என்போம். கஸ்தூரியக்கா குத்தகைக்கு ஒரு கொல்லையை எடுத்து மல்லாட்டை போடுகிறவர். கணவர் சென்னையில் கட்டட வேலை. மாசத்துக்கு ஒருமுறை வருவார். அந்த மண்ணில் துத்தநாகச் சத்து கம்மி என்று மண் பரிசோதனையில் வந்ததால், விதையில் கலக்க நானோ துத்தநாகப் பொட்டலம் வாங்கிப் போனார். அளவை நான் ரெண்டு தரம் சொன்னேன். அக்காவும் தலையாட்டினார். ஆனால் விதைக்கிற அன்று ஊருக்கு வந்திருந்த கணவர், "இத்துனூண்டு மாவு எப்படிப் பத்தும்?" என்று பொட்டலம் மொத்தத்தையும் கொட்டிக் கலக்கிவிட்டார்.

ஒரு காலை, ஈரத்துணியில் சுற்றிய இளஞ்செடிகளோடு அக்கா கடைக்கு வந்து நின்றார். முளை வந்திருந்தது. ஆனால் வேர் நீளவே இல்லை. நுனி பழுப்பேறிக் குட்டையாகக் கிடந்தது. அந்த வருஷத்து விதை முழுக்க அந்தக் கொல்லையில் இருந்தது. அவர் கத்தவில்லை, அழவுமில்லை. துணியை மேஜைமேல் விரித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். அதற்கு ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம் என்றிருந்தது எனக்கு.

கம்பெனி பிரதிநிதிக்குப் போன் செய்தேன். "தண்ணி கட்டச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். அடுத்து வெண்ணிலாவைக் கூப்பிட்டேன். இந்தத் துகள்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிற மாணவி. மண் மாதிரி எடுக்க வந்தபோது பழக்கம். அவர் போனிலேயே விளக்கினார். இதே துத்தநாகத் துகள் கம்மியாக இருந்தால் வேரை நீட்டுமாம். ஜாஸ்தியானால் அதே துகள் வேரைக் குறுக்குமாம். சரி, கம்மிக்கும் ஜாஸ்திக்கும் கோடு எங்கே என்றேன். "மண்ணுக்கு மண் மாறும், பயிருக்குப் பயிர் மாறும். உங்க மண்ணுக்கு இன்னும் யாரும் பார்க்கலை சார்" என்றார்.

நானும் முதலாளியும் கொல்லைக்குப் போனோம். நடக்க நடக்க நடுவில் வெறும் திட்டுகள். முதலாளி அதிகம் பேசுகிறவர் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, கடையிலிருந்த விதை மல்லாட்டையைக் கொண்டுவந்து இறக்கச் சொன்னார். செத்த இடங்களில் அக்கா மறுபடி ஊன்றினார். அடுத்த மழைக்கு அது முளைத்தது. ஊரெல்லாம் பூ விட்டபோது அவர் கொல்லையில் பாதி பூவும் பாதி பிஞ்சுச் செடியுமாக நின்றது. வெண்ணிலா சொன்னதை நான் அக்காவிடம் சொன்னபோது அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மருந்தும் அதுவே, விஷமும் அதுவேன்னா, பொட்டலத்து மேல ரெண்டு பேரையும் போட்டுடுங்க தம்பி."

வெள்ளைக்கார அம்மாவின் முகம்

ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா, மொட்டைமாடிக் கீரைக்கு உரம் வாங்க பஸ் ஏறி வந்தார். தமிழ் ஓரளவு பேசுவார். துத்தநாகப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "நானோ வேண்டாம். உடம்புக்குள் போனால் என்ன ஆகும், யாருக்கும் தெரியாது" என்றார். எனக்கும் தெரியாது என்பதால் ஒத்துக்கொண்டேன்.

அவர் முகத்தில் வெயிலுக்கான கிரீம் அப்பியிருந்தது. வெளியே கிளம்பும் முன் பையிலிருந்து டியூபை எடுத்து இன்னொரு பூச்சுப் பூசினார். பூசியவர் திடீரென்று நின்று, டியூபின் பின்பக்கத்தைப் படித்தார். பொட்டலத்தை மறுபடி கேட்டு வாங்கி, ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரெண்டிலும் அதே நானோ, அதே துத்தநாகம். பிறகு சிரித்துவிட்டார். "அண்ணா, என் மூஞ்சியும் ஒரு வயல்தான்."

ஏரிக்காரர் கேள்வி

வேங்கிக்காலில் ஒரு விவசாயிகள் கூட்டம். கம்பெனி பிரதிநிதி மேடையில். வெண்ணிலாவையும் பேச அழைத்திருந்தார்கள். ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் ரவி எழுந்தார். "மேல இருக்கிற கொல்லையில அடிக்கிறதெல்லாம் மழை வந்தா எங்க ஏரிக்குத்தான் வருது. மீனுக்கு ஒன்னும் ஆகாதா?"

பிரதிநிதி வெண்ணிலாவைப் பார்த்தார். வெண்ணிலா மறைக்காமல் சொன்னார்: கண்ணாடித் தொட்டியில் ஜாஸ்தியாகக் கலந்தபோது மீனுக்கும் தண்ணீர்ப்பூச்சிக்கும் கெடுதல் தெரிந்திருக்கிறது, ஏரிக்கு வந்து சேர்வது அதைவிட ரொம்பக் கம்மியாக இருக்கலாம், ஆனால் சேற்றில் ஏற்கெனவே இருக்கிற துத்தநாகம் எது, புதிதாக வந்தது எது என்று பிரிப்பதே கஷ்டம். "கெடுதல்னும் என்னால சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். நேர்மையான பதில்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ரவி வலையைப் போடுவதா, எடுப்பதா? அவர் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்: "அப்ப இப்ப நடக்கறதுதான் பரிசோதனை. கண்ணாடித் தொட்டிக்குப் பதிலா எங்க ஏரிய வெச்சிருக்கீங்க, அவ்ளோதான்."

நாலு சால்

கஸ்தூரியக்காவின் மல்லாட்டையை ரெண்டு தவணையாகப் பிடுங்க வேண்டியிருந்தது. ஆள்கூலி ஏறியது; முன்னால் விளைந்ததில் கொஞ்சம் மண்ணிலேயே முளைத்தும் போனது. ஆனாலும் குத்தகையை விடாமல் அடுத்த பட்டத்துக்கு உழுதுவிட்டார். விதைப்புக்கு முன் கடைக்கு வந்தபோது, நானோ பொட்டலங்களை அவர் கண்ணில் படாமல் தள்ளி வைத்தேன். அவரோ எட்டிப் பார்த்து அதையே கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, போன தடவை பட்டது போதாதா?" என்றேன். மண்ணில் சத்து இல்லாதது இல்லாததுதானே என்றார். கரண்டியை எடுத்து அளவைக் காட்டச் சொன்னார், தானே அள்ளியும் பார்த்தார். நான் உத்தரவாதம் எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தெரியவில்லை. பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் சொன்னது இதுதான்: "கொல்லை முழுக்க இல்ல தம்பி, ஓரமா நாலு உழவுச் சாலுக்குத்தான். அதுவும் எங்க வூட்டுக்காரர் ஊர்ல இல்லாத நாளா பார்த்து."

நானோ என்றால் மிக மிகச் சிறியது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அது கொண்டுவந்து சேர்க்கும் குழப்பத்தின் அளவைத்தான் யாரும் சொல்லவில்லை.