ஏலக்காரர் வாய் மூடிய ஒரு மணி நேரம்

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். எனக்குத்தான் அவர் அத்தான். சந்தைக்கு அவர் 'சங்கு'. விடிந்தும் விடியாமலும் மேடைமேல் ஏறி நின்று அவர் எடுக்கிற குரலை நம்பி, நாலு தெரு தள்ளி அலாரம் வைக்காமல் தூங்குகிறவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் இறங்காது. சாப்பிடும்போது உப்பு கேட்டால் எதிர்வீட்டிலிருந்து உப்பு வரும். நானோ மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துகளை வாடிக்கையாளர் முணுமுணுத்துப் படிப்பதுதான் என் கடையில் கேட்கிற பெரிய சத்தம். அவரோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வந்தால் எனக்குத் தலைவலி மாத்திரை தேவைப்படும். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அப்படிப்பட்டவருக்கு விடாத இருமல் வந்தது. தொழில் அப்படி, தொண்டை இருமத்தான் செய்யும் என்று சாதித்துக்கொண்டிருந்தவரை அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. சிடி ஸ்கேனில் அது கட்டியானது. சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்தது. கட்டி அந்த ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம், வேறெங்காவது பரவியிருந்தால் அறுவை சிகிச்சை கிடையாது என்று நுரையீரல் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பெட் ஸ்கேன்.

கதிரியக்கம் கொஞ்சம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போடுவார்களாம். உடம்பில் எந்த இடம் மும்முரமாக வேலை செய்கிறதோ, எது கட்டுக்கடங்காமல் வளர்கிறதோ, அது அந்தச் சர்க்கரையை அள்ளிக்கொள்ளும். படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். டாக்டரம்மா இவ்வளவு சொல்லி முடிப்பதற்குள் அத்தான் அதைத் தன் பாஷைக்கு மாற்றிவிட்டார்.

"அதாவது, சரக்க இறக்கிட்டு, எவன் மொத்தமா அள்ளுறான்னு பாக்கப்போறீங்க."

அதேதான் என்றார் டாக்டரம்மா.

ஸ்கேன் அன்று நர்ஸ் விதிகளைச் சொன்னாள். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் தனி அறையில் சாய்ந்து கிடக்க வேண்டும். நடக்கக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது, கைப்பேசியைத் தொடக் கூடாது, பேசக் கூடாது. கடைசி விதியைக் கேட்டதும் அக்கா சிரித்துவிட்டாள். நோய் தெரிந்ததிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அத்தானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் இருவரையும் முறைத்துவிட்டு உள்ளே போனார்.

வெளியே நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. பாதி நேரத்தில் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அவர் நல்லபடியாக இருக்கிறாரா என்று நர்ஸிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். ஸ்கேன் முடிந்து வெளியே வந்த அத்தான், வாசல் காவலாளியில் தொடங்கி ஆட்டோக்காரர் வரைக்கும் எல்லோரிடமும் தான் வாய் திறக்காமல் இருந்த சாதனையைச் சொன்னார். வீடு வந்து சேரும்வரை தன் மௌனத்தைப் பற்றியே பேசினார்.

முடிவு வந்தது. நுரையீரல் கட்டி எதிர்பார்த்தபடியே ஒளிர்ந்தது. கல்லீரல், எலும்பு எல்லாம் சுத்தம். ஆனால் தொண்டை பளபளவென்று எரிந்தது. டாக்டரம்மா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊசிக்குப் பிறகு பேசினால் தொண்டைத் தசை இப்படி ஒளிரும், பேசினீர்களா என்று கேட்டார்.

அத்தான் நெஞ்சில் கை வைத்தார். "யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல டாக்டர்."

அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். பேசவில்லை என்றால் இதைச் சும்மா விட முடியாது, தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்க்கட்டும், அதுவரை அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடையாது என்று டாக்டரம்மா முடித்துவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, நீங்கள் பொய் சொல்கிறீர்கள், உங்களால் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கவே முடியாது என்று சண்டைக்குப் போனேன். சத்தியமாகப் பேசவில்லை என்றார். அதையும் மெதுவாகச் சொன்னார். அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"அவர் பொய் சொல்ற ஆள் இல்லடா," என்றாள் அக்கா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. "இந்த ஒரு தடவ சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் காலையில், சந்தையிலிருந்தே அவரை அழைத்துக்கொண்டு வரும்படி அக்கா என்னை அனுப்பினாள். ஏலம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. அத்தான் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். பிரார்த்தனை என்று நினைத்தேன். பக்கத்தில் போனபோதுதான் பார்த்தேன்: உதடு ஓரமாகத் துடிக்கிறது, நாக்கு உள்ளே புரள்கிறது, தொண்டைக்குமிழ் மேலும் கீழும் குதியாட்டம் போடுகிறது. சத்தம் மட்டும் துளிகூட இல்லை.

என்ன செய்கிறீர்கள் என்று உலுக்கினேன். ஒன்றுமில்லை, மேடையேறுமுன் மனசுக்குள் ஒரு தடவை ஏலம் விட்டுப் பார்ப்பேன், எப்போதும் செய்வதுதான் என்றார்.

"அந்த ரூம்லயும் இதச் செஞ்சீங்களா அத்தான்?"

"செஞ்சேன். இது பேச்சு இல்லையே மச்சான். நான்தான் யார்கிட்டயும் பேசலையே."

அந்த மூட்டைமேலிருந்து அவரை அப்படியே தள்ளிவிடலாமா என்றிருந்தது. கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல், ஏலத்தை வேறொருவர் கையில் கொடுக்கச் சொல்லிவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

தொண்டை டாக்டர் வயதானவர், நிதானமானவர். நான் மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். சத்தம் வராவிட்டால் என்ன, தசை வேலை செய்தால் அது சர்க்கரையைத் தின்னத்தான் செய்யும் என்றார். இருந்தாலும் கதையை நம்பி அவர் விட்டுவிடவில்லை. மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, பக்கத்துத் திரையில் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்துவிட்டது. குழாயை மெள்ள மெள்ளத் திருப்பி எல்லா மூலையையும் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அங்கேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்.

அக்கா ஓவென்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அத்தான் மட்டும், தன்னைப் பொய்யன் என்று சொன்ன மைத்துனனைக் கரகரத்த தொண்டையோடு திட்டத் தொடங்கினார். டாக்டர் குழாயைத் தட்டில் வைத்துக்கொண்டே, அப்படி ஒரு மணி நேரம் என்னதான் ஏலம் விட்டீர்கள் என்று கேட்டார்.

நாற்காலியை விட்டாராம். சுவர்க் கடிகாரத்தை விட்டாராம். ஊசி மருந்து தொங்கும் கம்பியை, திரைச்சீலையை, நர்ஸின் செருப்பைக்கூட நல்ல விலைக்குத் தள்ளிவிட்டாராம். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "அதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சா?" என்றாள்.

அத்தான் தரையைப் பார்த்தார். பிறகு வேறொன்றை ஏலத்துக்கு எடுத்தாராம். தனக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று. ஒன்றில் ஆரம்பித்தாராம். அறையில் வேறு ஆள் கிடையாது. கூட்டிக் கேட்க ஒருவரும் இல்லாததால் தானே கேட்டு, தானே கூவி, திக்கித் திணறி மேலே கொண்டுபோனாராம். மூன்றாம் தரம் சொல்வதற்குள் ஸ்கேனுக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

"எவ்வளவுல நிக்குது?" என்றாள் அக்கா.

"பத்து."

கல்யாணமான நாளிலிருந்து சந்தைப் பக்கமே எட்டிப் பார்க்காதவள் அக்கா. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இருபது," என்றாள்.

ஒரு தரம் என்று சொல்ல அத்தான் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மரத்துப்போகும் மருந்து இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும், அப்படித்தான் செய்யும் என்றார் டாக்டர்.