குரங்கு கிழித்த இரண்டு பக்கங்கள்

எட்டாம் வகுப்பில் என் கையெழுத்து நன்றாக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

தென்காசியில் நான் படித்தது ஒரு கிறிஸ்தவப் பள்ளி. பெண் பிள்ளைகளுக்காக ஒரு வெள்ளைக்காரம்மா ஓலைக்கூரையின் கீழ் தொடங்கியது. பிறகு கல்கட்டடமாகி, உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. அந்த வரலாற்றைப் பழைய ஆசிரியை ஒருவர் நீள நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் தலைமையாசிரியை அதை மேடையில் வாசிப்பார். எழுத்து மங்கிவிட்டதால், அந்த வருடம் என்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் அழகாகப் பிரதி எடுத்து வரும்படி நோட்டைக் கொடுத்தார். எல்லார் கையிலும் செல்போன் இருந்த காலம்தான். ஆனால் அந்த நோட்டை ஒருவரும் படம் எடுத்து வைத்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பெரியம்மாவும் ஐந்தருவிக்குக் குளிக்கக் கிளம்பினார்கள். பெரியம்மா அம்மாவின் அக்கா. குத்துக்கல்வலசையில் எங்களுக்கு அடுத்த வீடு. நோட்டை விட்டுப்போனால் தம்பி கிறுக்கிவிடுவான் என்று பையில் வைத்துக்கொண்டு நானும் போனேன். அதே பையில் நேந்திரங்காய் சிப்ஸும் இருந்தது.

நான் தலை துவட்டி முடிப்பதற்குள் ஒரு குரங்கு பையோடு கடைக்கூரைமேல் ஏறிவிட்டது. சிப்ஸைத் தின்று முடித்து, நோட்டைப் பிரித்து, கொஞ்ச நேரம் வாசிப்பதுபோல் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு தாளைக் கிழித்து மெல்ல ஆரம்பித்தது. பெரியம்மா ஈரச் சேலையோடு கீழே நின்று வாழைப்பழத்தை நீட்டி, "ஏலே, இங்கன பாரு, அதத் தாலே" என்று மனிதரிடம் கேட்பதுபோலவே கேட்டாள். குரங்கு நோட்டைக் கீழே ஈரத்தில் போட்டுவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அழுதேன். நனைந்த தாள்களைப் பெரியம்மா இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் காயவைத்தாள். ஆனால் போன இரண்டு பக்கங்களுக்கு என்ன செய்வது? அம்மாவும் அதே பள்ளியில் படித்தவள்.

"அழாதட்டி. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுதேன், எழுது" என்றாள்.

அம்மா சொன்னது இதுதான். வயதுக்கு வந்ததும் பெண்களைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடும் வழக்கம் அப்போது இருந்தது. ஒரு டீச்சர் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப்போய், நின்றுபோன பிள்ளைகளின் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வார். சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று வாரம் போனார். மூன்றாவது வாரம் அந்த வீட்டு அப்பா, இரண்டு பெண்களில் ஒருத்தியை மட்டும் கூட்டிப் போகலாம், மற்றவள் வயல் வேலைக்கு வேண்டும் என்றார். டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபோது, மூத்தவள் உள்ளே போய்த் தன் பாவாடை தாவணியை எடுத்துவந்து தங்கையின் பையில் வைத்தாள்.

"எதுக்குட்டி இப்ப அதெல்லாம் அவகிட்ட சொல்லுத?" என்றாள் பெரியம்மா. அதற்குள் தாள் கருகும் வாசனை வந்தது. நான் கத்தினேன். நல்லவேளை, ஓரம்தான் பழுப்பாகியிருந்தது.

ஆண்டு விழாவன்று தலைமையாசிரியை என் பிரதியை வாசித்தார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு ஒரு சொல் விடாமல் மெதுவாக வாசித்து முடித்தார். பெரிய கைதட்டல்.

விழா முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். டி.சி.தான் என்று முடிவு செய்துகொண்டு, கேட்பதற்கு முன்பே குரங்கு விஷயத்தை ஒப்புவித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அந்த ரெண்டு பக்கத்துல கட்டடத்துக்குக் கல்லு வச்சவங்க பேருதான் இருந்துச்சு. அது செவுத்துலயே வெட்டியிருக்கு. இது எங்கயும் இல்ல. இனிமே இதையே வாசிப்போம்" என்றார்.

கால் தரையில் படாமல் வீட்டுக்கு வந்தேன். விழாவுக்கு வந்திருந்த பெரியம்மா எனக்கு முன்பே வந்து தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே, "அந்த அக்கா பேர நீ எழுதலையோ?" என்று கேட்டாள்.

"அம்மா சொல்லல. பேரெல்லாம் அங்கன முக்கியமில்ல பெரியம்மா" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று கல்லில் எண்ணெய் விட்டாள்.

யாரிடம் அதைச் சொன்னேன் என்று தெரிய எனக்கு இன்னும் பல வருடங்கள் ஆயின. அன்று, தப்பித்துவிட்ட நிம்மதியில், வழக்கத்தைவிட இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.