காலியாக வந்த கட்டம்

அந்தப் பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில், கீழ் மூலையில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் உண்டு. முந்தைய நாள் செய்தியில் தப்பு வந்திருந்தால் அதை ஒப்புக்கொள்ளும் இடம். பத்தொன்பது வருஷமாக அது அக்காவின் ராஜ்யம். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'திருத்தக்கா'தான். பாராட்டா, கிண்டலா என்று அவர் விசாரிக்கப் போனதில்லை.

வாசகர் போனில் தப்பைச் சொன்னால் நீள நோட்டில் குறித்துக்கொள்வார். விசாரிப்பார். நாலு வரிக்குள் திருத்தம் எழுதுவார். அச்சுக்குப் போகுமுன் அதே வாசகரைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டுவார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அவராக வைத்துக்கொண்ட வழக்கம். தப்பு இல்லாத நாளில் 'இன்று திருத்தம் ஏதுமில்லை' என்று வரும். மகளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்றுகூட ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து போன் போட்டு அந்த வரியைச் சொன்ன மனுஷி அவர். கட்டம் ஒருநாளும் காலியாக வந்ததில்லை.

போன வருஷம் பத்திரிகையை ஒரு பேட்டரி ஆலைக்காரர் வாங்கினார். லாபம் போதவில்லை என்று நிருபர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். மிச்சப் பேரை யாரும் மிரட்டவில்லை. அவர்களாகவே ஆலையைப் பற்றி நல்லதாக எழுத முந்திக்கொண்டார்கள். வயிறெரியும் விஷயம் அதுதான்.

'ஆலையின் பின்தெருக் கிணறுகளில் தண்ணீர் சுத்தம்: சோதனையில் உறுதி' என்று ஒருநாள் செய்தி வந்தது. அன்று காலையே பின்தெருவில் குழந்தைகள் காப்பகம் நடத்தும் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க தெருவுல சோதனைக்குன்னு யாருமே வரல. ஆலையால கிணறு கெட்டதுலேர்ந்து லாரியிலதான் தண்ணி வந்துச்சு. பேப்பர்லயே வந்துடுச்சேன்னு அந்த லாரிய நிறுத்திட்டாங்க. இருபத்திரண்டு பிள்ளைங்க இருக்கு. அந்தக் கிணத்துத் தண்ணிய எப்படிக்கா குடுப்பேன்?"

தண்ணீரைச் சோதித்ததாகச் செய்தியில் வந்த சோதனைச்சாலைக்கு அக்கா போன் போட்டார். பெரிய சாலையில் இருக்கும் தொட்டியில் மட்டும்தான் தண்ணீர் எடுத்தோம், பின்தெருவுக்குப் போகவே இல்லை என்றார்கள். அக்கா நாலு வரி எழுதினார். காப்பகப் பெண்ணுக்குப் படித்துக் காட்டினார். "நாளைக்கு வந்துடும்மா" என்றார்.

சாயங்காலம் செய்தி ஆசிரியர் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கெட்டவர் இல்லை. மூன்று பிள்ளைகளுக்கு அப்பா; மேலிடத்துப் போன் அடித்தாலே எழுந்து நிற்பவர்.

"இது வேணாம் அக்கா. 'திருத்தம் ஏதுமில்லை'ன்னு போட்டுடுங்க."

"இருக்குறப்ப இல்லன்னு எப்படி சார் போடுறது?"

"முதலாளி ஆலை அக்கா. என் வேலையும் போகும், உங்க வேலையும் போகும்."

"போடக் கூடாதுன்னா போடல. ஆனா என் கட்டத்துல பொய் வராது. வெறுமையா விட்டுடுங்க."

தீப்பெட்டி அளவுக் கட்டத்தை எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, ஆசிரியர் சரி என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கே போன் அடித்தது. "கட்டம் காலியா இருக்கே, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் ஒரு பெரியவர். முதல் பக்கத்தை விட்டுவிட்டு இரண்டாம் பக்கத்தில் தொடங்குகிற கூட்டம் ஒன்று ஊரில் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லங்க. இன்னைக்கு வர வேண்டியது இது, கேட்டுக்கோங்க" என்று அக்கா நாலு வரியையும் படித்தார். அடுத்த போன். மறுபடி படித்தார். பதினொரு மணிக்குள் எழுபது பேருக்குப் படித்திருப்பார். சிலர் எழுதிக்கொண்டார்கள். ஒரு டீச்சர் வகுப்பிலேயே சத்தமாகச் சொல்லப் போவதாகச் சொன்னார். இப்படி ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டிவரும் என்று அந்த முதலாளிக்குத் தெரிந்திருந்தால் பத்திரிகையை வாங்கியிருக்கவே மாட்டார்.

மத்தியானம் அக்காவின் தொண்டை கட்டிவிட்டது, காற்றுதான் வந்தது. ஆசிரியர் வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். வேலை போயிற்று என்று அக்கா நினைத்துக்கொண்டார். பயமாகத்தான் இருந்தது. கணவருக்கு வேலை இல்லை, வீட்டு வாடகை இவர் தலையில்.

போன் அடித்தது. அக்கா எடுத்து "வணக்கம்" சொல்லப் பார்த்தார். சத்தம் எழும்பவில்லை. ஆசிரியர் போனைத் தன் கையில் வாங்கினார்.

தண்ணீர் லாரி அலுவலகத்திலிருந்து பேசினார்கள். "காலையிலேர்ந்து ஆளாளுக்குப் போன் பண்றாங்க. நீங்க போட்டதை வெச்சுத்தான் லாரிய நிறுத்தினோம். தப்புன்னா எழுத்துல வேணும் சார். வெறும் வாய்ப்பேச்சுக்கு லாரி அனுப்ப முடியாது."

ஆசிரியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மூன்று பிள்ளைகளும் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். காப்பகத்து இருபத்திரண்டு பிள்ளைகளும் வந்திருப்பார்கள் போல.

"நாளைக்கு ரெண்டாம் பக்கத்துல வரும். பாத்துட்டு லாரிய அனுப்புங்க" என்று சொல்லிப் போனை வைக்கப் போனார்.

அக்கா சட்டென்று அவர் கையைப் பிடித்து, அந்த நாலு வரி இருந்த நீள நோட்டை அவர் முன்னால் தள்ளினார். ஆசிரியருக்குப் புரிந்தது.

"வெச்சுடாதீங்க. என்ன வரும்னு படிச்சுக் காட்டிடுறேன்" என்று தொடங்கினார்.