மாமா நம்பிய படம்

தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையின் நுனியில் அமர்ந்து, ஆறிப்போன பிளேன்டிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி மாமா கண் கலங்கியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கெலிஓயாவில் எங்கள் வீட்டில், ஒரு ஞாயிறு மாலை. என் கணவர் போட்டிருந்தது ஓர் ஆங்கிலப் படம். ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல் பாடிய வெள்ளைக்காரக் கிழவர்களைப் பேட்டி எடுப்பதுபோல் போகும். உண்மையில் எல்லோரும் நடிகர்கள். வசனம்கூட எழுதிவைக்காமல், வாய்க்கு வந்ததைப் பேசி எடுத்த கேலிப்படம். மாமாவுக்கு அது தெரியாது. கண்டியில் துணிக்கடையில் வேலை செய்து சிங்களம் பழகியவர், கீழே ஓடிய சிங்கள எழுத்துகளைப் படித்துக்கொண்டே எல்லாவற்றையும் நிஜம் என்று நம்பிவிட்டார்.

நம்பியதில் வியப்பில்லை. மாமா என் அம்மாவின் தம்பி. இளவயதில், கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் திருவிழா என்றால் அவருடைய பாட்டு இல்லாமல் நடக்காது. அவர் பாட, அவருடைய கூட்டாளி டோலக் அடித்தபடி கூடப் பாடுவார். மேடையில் யார் நடுவில் நிற்பது என்ற சண்டையில் இருவரும் பிரிந்தார்கள். அதன்பிறகு பேச்சே இல்லை. அந்தப் படத்திலும் ஒரு கிழவர், யாருடைய பெயரை முதலில் போடுவது என்ற சண்டையில் தன் நண்பனை இழந்ததைச் சொல்லி அழுதார். என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பாவம், அந்த மனுசன் அழுவுறாரு. ஏன் மாப்புள சிரிக்கிறீங்க?” என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பி, “நாளைக்கே போய் அவனப் பாக்கணும்மா. இன்னும் எத்தன காலத்துக்கு இந்த வீம்பு?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். “மாமா, இது சும்மா நடிப்பு. இந்த மாதிரி ஆளுங்களக் கிண்டல் பண்ணத்தான் எடுத்திருக்காங்க.”

மாமா படத்தைக் கடைசிவரை பார்த்தார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான், “அப்ப எங்களப் பாத்தவங்களுக்கும் இப்பிடித்தான் சிரிப்பா இருந்திருக்குமோ?” என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை என்றேன். படத்தை நம்பியவர் என்னை நம்பவில்லை.

கூட்டாளியைப் பார்க்க அவர் போகவே இல்லை. சில மாதங்கள் கழித்து கலஹாவில் ஓர் உறவினர் கல்யாணம். கூட்டாளியும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். மாமாவைப் பாடச் சொன்னார்கள். மைக்கை வாங்கியவர் பாடவில்லை. வாயைக் கோணி, குரலை இழுத்து, நடுவில் நிற்பதற்காக ஒருவரையொருவர் இடித்துத் தள்ளும் இரண்டு பாட்டுக்காரர்களாக மாறி மாறி நடித்துக் காட்டினார். மண்டபமே குலுங்கியது. என் கணவர் விசில் அடித்தார். கூட்டாளி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

மாமா இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. முன்வரிசையில் காலியாகக் கிடந்த கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாட்டக் கேக்கத்தான் வந்திருப்பான்” என்றார்.

இப்போது எந்த விசேஷத்திலும் மாமாவைப் பாடச் சொல்வதில்லை. அந்தக் கோணங்கித்தனத்தைச் செய்துகாட்டச் சொல்கிறார்கள். அவரும் செய்கிறார்.