லாரிக்குப் பின்னால் ஒரு பந்தி

அறுபதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டைக் கால்பந்துப் போட்டிக்குப் பந்தல்குடி ஆட்களை லாரியில் ஏற்றிவந்த ஓட்டுநர் அவர். காக்கிச் சட்டை, காதில் செருகிய பீடி, வெயிலில் வெளுத்த புருவம். ஆட்டத்துக்கு முன் லாரியின் பின்கதவை இறக்கி, தார்ப்பாய் விரித்து, எலுமிச்சைச் சோறு பரிமாறுவார். எதிரணி ஊர்க்காரர்களுக்கே முதல் பந்தி என்பது அவர் வைத்த முறை.

"ஏலே, இலைய மைதானத்துப் பக்கம் வீசாத. வழுக்கி விழுறவன் நம்ம பயலாத்தான் இருப்பான்."

என் மனைவி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றுமுதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிரணியான திருச்சுழிக்கு ஆட வந்த என் மகன், மற்றவர்களோடு பந்து பழகப் போகாமல், மைதானக் கோட்டருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பசியில்லை" என்றேன் ஓட்டுநரிடம்.

"பசிக்கு வேணாம் சார். உப்பு மட்டும் பாத்துச் சொல்லுங்க. இவனுக நாக்கு பீடியில வெந்துபோச்சு."

உப்பு சரியாக இருந்தது. அதைச் சொல்வதற்குள் பாதிச் சோறு தீர்ந்திருந்தது. உண்டு முடித்து இலையை எதிர்ப்புறமாக மடித்தேன். துக்க வீட்டுச் சாப்பாட்டில் அப்படித்தான் மடிப்பார்கள். கை அதற்குப் பழகியிருந்தது.

அவர் குனிந்து அதைப் பிரித்து, என் பக்கமாக மடித்துவைத்தார்.

"இது ஆட்டத்துச் சாப்பாடு சார்."

யார், எப்போது என்று கேட்கவில்லை. அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

நிமிர்ந்தேன். மகன் மைதானத்தின் நடுவில் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தான்.

பிறர் உண்ட இலையைத் தொடுவது எங்கள் பக்கத்தில் முறையில்லை. முறை பார்த்தே பந்தி வைத்த அந்த மனிதர், அன்று மட்டும் ஏன் தொட்டார் என்று இன்றும் யோசிக்கிறேன்.