கீறல் இல்லாத படகு

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் பெயின்ட் சரிபார்க்கும் லைனில் வேலை செய்கிறேன். வல்லக்கோட்டையில் வாடகை அறை. அறைத்தோழன் அந்தோணியும் எங்கள் தூத்துக்குடிப் பக்கம்தான். போன கிறிஸ்துமஸுக்கு அவன் தன் அண்ணனுக்கு ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து சாப்பிடும்போதுகூட செல்போனில் அந்தப் படகைக் காட்டுவான். எனக்குச் சோறு இறங்காது.

அவனிடம் மூச்சுவிடாமல் லீவு போட்டு ஊருக்குப் போய், கடலுக்குப் போகும் என் தம்பிக்காக நானும் ஒரு பழைய படகு பார்த்தேன். நீல நிறத்தில் பளபளவென்று நின்றது. லைனில் செய்வதுபோலவே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து முழுக்கத் தேடினேன். ஒரு கீறல்கூட இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன், அந்தோணிக்கு வயிறு எரியட்டும் என்று படத்தை அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டான். "ஏலே, நீ பாக்குறது காரு இல்ல, படகு. மணல்ல இழுத்த படகுல கீறல் இல்லாம இருக்குமா? இன்ஜின் மாட்டுற பின்பலகையப் பிடிச்சு ஆட்டிப் பாரு."

ஆட்டினேன். புதுப் பெயின்ட் வெடித்து, உள்ளே இற்றுப்போன பலகையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது.

"அது மழைத் தண்ணி தம்பி" என்றார் விற்க வந்தவர்.

நடுக்கடலில் அந்தப் பலகை இன்ஜினோடு பெயர்ந்திருந்தால் என் தம்பி கதி?

இப்போது எந்தப் படகைப் பார்த்தாலும் முதலில் பின்பலகையைத்தான் ஆட்டுகிறேன். அந்தோணியையும் கூட்டிப்போகிறேன். ஆனால், அவன் படகைவிட ஒரு முழமாவது நீளமாக இல்லாத படகை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.